கல்யாண மண்டபப் புல்தரை: வெட்டுக்கூலி மட்டும்தான் செலவா?

பாளையங்கோட்டைக்குத் தெற்கே, நான்குவழிச் சாலையை ஒட்டி அண்ணனோடு கூட்டாகக் கல்யாண மண்டபம் நடத்தும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

மண்டபத்தின் முன்னும் பக்கவாட்டிலுமாக 18,000 சதுர அடிப் புல்தரை. இரண்டு வருஷத்துக்கு முன் கொரியன் புல் பதித்திருக்கிறார்கள். வருஷத்துக்கு ஏறக்குறைய 45 விசேஷங்கள் புல்தரையிலும் நடக்கின்றன. அதற்குத் தனியாக 5,000 ரூபாய் வாங்குகிறார்கள். போன வருஷம் பராமரிப்புக்கு 3 லட்சம் ஒதுக்கியிருந்தார்கள். செலவானது 4,18,000. மாதம் 22,000 வாங்கிய ஒப்பந்தக்காரர்தான் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து அவரை நிறுத்திவிட்டார்கள். கடைசி மாதப் பாக்கியும் கொடுக்கவில்லை. இப்போது கையில் இரண்டு கொட்டேஷன் இருக்கிறது. ஒருவர் சதுர அடிக்கு மாதம் 70 பைசா, அதாவது 12,600 ரூபாய். "தினமும் ஆள் வரும், உரம், மெஷின், பெட்ரோல் எல்லாம் அதிலேயே அடக்கம்" என்கிறார். இன்னொருவர் சதுர அடிக்கு 1.60 ரூபாய், அதாவது 28,800, ஜிஎஸ்டி தனி. "புல்லு வெட்டுததுக்கு எதுக்கு இவ்வளவு ரூவா?" என்பது அண்ணனின் கேள்வி. அப்பாவோ, முன்பு வீட்டுத் தோட்டம் பார்த்த அண்ணாச்சியை மாதம் 15,000 கொடுத்து வைத்துக்கொண்டால் போதும் என்கிறார். வேப்ப மரங்களின் கீழே புல் மஞ்சளித்துக் கிடக்கிறது. வாட்ச்மேன் ஒரு மூட்டை யூரியா வாங்கித் தூவியதில் வெயிலில் இருந்த பகுதியும் கருகிவிட்டது. எந்தக் கொட்டேஷனை எடுப்பது, வருஷத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, பழைய ஒப்பந்தக்காரரின் 22,000 ரூபாயை நட்டத்துக்கு ஈடாகப் பிடித்துக்கொள்ளலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள வாசகிக்கு,

கணக்கை ஒளிக்காமல், ரசீது வாரியாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் என்னால் உருப்படியாகப் பதில் சொல்ல முடிகிறது. அந்தக் கணக்கையே முதலில் இன்னொரு தடவை பார்ப்போம். 4,18,000 ரூபாயில் ஒப்பந்தக்காரருக்குப் போனது 2,64,000. அது நீங்கள் ஒப்புக்கொண்ட தொகை. அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட அவர் வாங்கவில்லை. மீதி 1,54,000 எங்கே போயிற்று? லாரித் தண்ணீர் 44 நடை, 66,000. பட்டுப்போன இடங்களில் மறுபடி புல் பதித்தது 48,000. போர் மோட்டார் வேலை 31,000. உரமும் மருந்தும் 9,000. ஒதுக்கீடு துண்டு விழுந்தது இந்த நான்கில்தான். நீங்கள் 3 லட்சம் ஒதுக்கியபோது இவை புல்தரைச் செலவு என்றே உங்கள் மனதில் இருக்கவில்லை. ஒப்பந்தக்காரரை மாற்றினாலும் இந்த 1,54,000 அப்படியே நிற்கும்.

குறைந்த கொட்டேஷன் ஏன் குறைவு

உங்கள் மண்டபத்தில் தினக்கூலி ஆளுக்கு 600 ரூபாய் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மாதம் 26 நாளுக்கு 15,600 ஆகிறது. தினமும் ஒரு ஆளை அனுப்பி, உரமும் மெஷினும் பெட்ரோலும் தருகிறேன் என்பவர் கேட்பது 12,600. ஆள் சம்பளத்துக்கே போதாத தொகை அது. அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒன்று, ஆள் தினமும் வராது. இல்லையென்றால் வருகிறவருக்கு நியாயமான கூலி போகாது. இரண்டில் எது நடந்தாலும் வைகாசி முகூர்த்தத்துக்குள் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் அவரிடம் கேளுங்கள்: எந்த மெஷின் கொண்டு வருவீர்கள்? தோளில் மாட்டிக்கொண்டு வரப்பு வெட்டுகிற பிரஷ் கட்டர் மட்டும் என்றால் வேண்டாம். அது ஓரத்துக்கும் மூலைக்கும் சரி. தரை முழுவதும் அதால் வெட்டினால் ஒரு இடம் மேடும் ஒரு இடம் மொட்டையுமாகிவிடும். கொரியன் புல்லுக்கு அந்த மொட்டை ஆற வெகுநாள் பிடிக்கும். ஒரு தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. வெட்டின மறுநாள் காலையில் நீங்களே குனிந்து நாலைந்து நுனியைப் பாருங்கள். நறுக்கென்று நேராக இருந்தால் பிளேடு கூர்மை. நார் நாராகக் கிழிந்து வெளுத்திருந்தால் பிளேடு மழுங்கல். தூரத்திலிருந்து பார்க்கும்போது புல்தரை முழுவதும் ஒரு சாம்பல் பூத்த மாதிரித் தெரிவது அதனால்தான். உரக்குறை என்று நினைத்து யூரியா போடக் கூடாது.

கூடுதல் கொட்டேஷன் கொள்ளை இல்லை. 15,600 சம்பளத்தின் மேல் பிஎஃப், இஎஸ்ஐ முதலாளி பங்கு சேர்த்தால் 18,000ஐத் தொடும். மெஷின் தேய்மானம், எரிபொருள், உரம், மேற்பார்வை, அவருடைய லாபம் எல்லாம் மீதியில் அடங்க வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதத்தைப் பார்த்து அண்ணன் மிரள வேண்டாம். மண்டப வாடகைக்கு நீங்களும் 18 சதவீதம் வசூலித்துக் கட்டுகிறவர்கள். முறையான பில் இருந்தால் பராமரிப்புக்குக் கொடுத்த வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வழி இருக்கிறது. ஆடிட்டரிடம் பில்லைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். முதலாமவர் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்து ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராக இருக்கலாம். அது சட்டப்படி சரியே. ஆக, இரண்டு விலையையும் ஒப்பிடும்போது வரிக்கு முந்திய தொகையைத்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தண்ணீர்க் கணக்கு

நம் பக்கத்துப் புல்தரையின் பட்ஜெட்டைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது ஒரு லிட்டர். உங்கள் 18,000 சதுர அடி என்பது சுமார் 1,672 சதுர மீட்டர். கடும் வெயிலில் நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தாலும் சுமார் 8,400 லிட்டர் வேண்டும். நீங்கள் வாங்கும் 12,000 லிட்டர் லாரி ஒன்றரை நாளைக்கும் காணாது. குற்றாலத்தில் சாரல் விழுகிற ஆனி, ஆடியில் பாளையங்கோட்டைப் பக்கம் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வறண்ட காற்றுதான். அந்தக் காற்றில் பகலில் ஸ்பிரிங்க்ளர் போட்டால் பாதித் தண்ணீர் சாலைக்குத்தான் போகும். விடியற்காலையில் காற்று அடங்கியிருக்கும்போதே பாய்ச்சி முடித்துவிட வேண்டும். தினமும் மேலோட்டமாகத் தெளிப்பதைவிட ஒருநாள் விட்டு ஒருநாள் ஆழமாக நனைத்தால் வேர் கீழே இறங்கும்.

ஒரு சின்ன சோதனை. ஒரே அளவுள்ள நேரான டம்ளர்கள் ஏழெட்டைப் புல்தரையில் அங்கங்கே வைத்து, ஸ்பிரிங்க்ளரை அரைமணி நேரம் ஓடவிட்டு, ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஒன்றில் 12 மில்லிமீட்டரும் இன்னொன்றில் 3 மில்லிமீட்டரும் நின்றால், நீங்கள் வாங்கும் லாரித் தண்ணீரில் ஒரு பங்கு தேவையில்லாத இடத்தில் விழுகிறது. நாசிலை இடம் மாற்றி வைப்பது லாரி வாங்குவதைவிட மலிவு.

போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. மண்ணையும் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். வல்லநாடு பக்கம் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியிலும் விசாரிக்கலாம். அறிக்கையில் மின்கடத்துதிறன் (EC) என்று, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் ஓர் எண் dS/m அலகில் இருக்கும். 0.7க்குக் கீழே என்றால் கவலை இல்லை. 3ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரை மட்டும் நம்பிப் புல் வளர்ப்பது கஷ்டம். இடையில் இருந்தால் அவ்வப்போது ஆழமாகப் பாய்ச்சி உப்பை வேருக்குக் கீழே இறக்கிவிட வேண்டும். அதற்கும் தண்ணீர் செலவாகும்.

வேப்ப மரத்தடியை விட்டுவிடுங்கள்

மரத்தடியில் புல் மஞ்சளிப்பதற்கு உரக்குறை காரணம் இல்லை. வெயில் போதவில்லை, இருக்கிற ஈரத்தையும் வேம்பின் வேர் இழுத்துக்கொள்கிறது. எத்தனை தடவை பதித்தாலும் அங்கே புல் நிற்காது. போன வருஷம் மறுபதிப்புக்குப் போன 48,000இல் பெரும்பகுதி அந்த 5,000 சதுர அடியில்தான் போயிருக்கிறது என்பது உங்கள் ரசீதுகளிலேயே தெரிகிறது. அந்த இடத்தைப் புல்தரைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். சன்னமான சல்லியோ கெட்டித்த செம்மண்ணோ போதும். பேவர் பிளாக்கை இடைவெளியே இல்லாமல் பதித்துவிடாதீர்கள். மரத்தின் வேருக்கு மழைத்தண்ணீர் இறங்க வேண்டும். எந்தக் கல்யாணத்திலும் பெரியவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவது வேப்ப மர நிழலில்தான். அங்கே புல் இல்லை என்று யாரும் குறை சொல்லப் போவதில்லை. மீதி 13,000 சதுர அடிக்கு வெயில் நாளில் சுமார் 6,000 லிட்டர் போதும். ஐந்து நாளைக்கு ஒரு லாரி மிச்சம்.

வாட்ச்மேன் தூவிய யூரியாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 45 கிலோ மூட்டையை 1,672 சதுர மீட்டரில் போட்டால் சதுர மீட்டருக்கு 27 கிராம் ஆகிறது. ஒரு தடவைக்கு 10 கிராம் தாராளம். அதையும் சாயங்காலம் தூவி உடனே தண்ணீர் விட வேண்டும். அவர் மத்தியான வெயிலில் தூவி, தண்ணீர் விடாமல் விட்டிருக்கிறார். புல் கருகியது அதனால்தான்.

பன்னிரண்டு மாதமும் ஒரே செலவு இல்லை

ஆற்றுப் பாசன வயலுக்குக் கார், பிசானம் என்று பூ (நெல் போகம்) இருப்பதுபோல் மண்டபப் புல்தரைக்கும் பருவம் இருக்கிறது. பங்குனி முதல் ஆனி வரை தண்ணீர்ச் செலவு. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர்ச் செலவு குறையும். வளர்ச்சி கூடி வெட்டும் வேலை அதிகமாகும், பூஞ்சாணமும் வரும். மார்கழியில் விசேஷம் இல்லை, செலவும் குறைவு.

ஆடிதான் முக்கியம். முகூர்த்தம் இல்லாததால் வரவு இல்லை. ஆனால் மிதிபடாமல் தரை ஓய்ந்து கிடப்பதும் அப்போதுதான். ஆனியின் கடைசி முகூர்த்தம் முடிந்ததும் ஆரம்பித்தால் ஆவணி முதல் முகூர்த்தம் வரை ஐந்தாறு வாரம் கிடைக்கும். கூட்டம் மிதித்து இறுகிய மண்ணை இரும்பு முள்ளால் நான்கு அங்குல ஆழம் குத்தித் துளை போட்டு, நன்றாக மட்கிய உரமும் செம்மண்ணும் சலித்துத் தூவி, தென்னை வாரியலால் துளைக்குள் இறங்கும்படி தள்ளிவிட வேண்டும். மட்காத தொழுவுரம் வேண்டவே வேண்டாம். களை விதையும் அதோடு வந்து சேரும். சலிக்காத மண்ணில் வருகிற கோரைக் கிழங்கை அப்புறம் ஆயுசுக்கும் பிடுங்க வேண்டியிருக்கும். பெரும்பாலான மண்டபக்காரர்கள் "வரவு இல்லாத மாசம், செலவை நிறுத்து" என்று சரியாக இந்த மாதத்தில்தான் கையைச் சுருக்குகிறார்கள். புல்தரைகள் வீணாவது அங்கேதான். ஆடிக்கு வேண்டிய பணத்தை வைகாசி, ஆனி முகூர்த்த வரவிலேயே எடுத்துத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள்.

நான் போடுகிற பட்ஜெட்

இரண்டு பேரிடமும் 13,000 சதுர அடிக்கு, ஒரே வேலைப் பட்டியலை எழுதிக் கொடுத்து மறுபடி விலை கேளுங்கள். பரப்பு குறைந்த அளவுக்கு விலை குறையாது, ஆள் சம்பளம் அதேதான். மாதம் 24,000 என்று முடித்தால் நல்ல விலை, வருஷத்துக்கு 2,88,000. தண்ணீருக்கு 48,000. ஆடி மாத வேலைக்கு 30,000. மோட்டார், குழாய், நாசிலுக்கு 20,000. இதுவரை 3,86,000. இதன் மேல் எதிர்பாராச் செலவுக்குப் பத்து சதவீதம் சேர்த்து 4,25,000 என்று எழுதிக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தண்ணீர் நின்று, வண்டல் மூடி எத்தனை தரைகள் போயின என்பது நம் ஊரில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பத்து சதவீதத்தில் கை வைக்காதீர்கள். மரத்தடிச் சல்லி வேலை ஒருமுறைச் செலவு. அதை இதில் சேர்க்கக் கூடாது.

போன வருஷத்தைவிட இது கூடுதலாயிற்றே என்று அண்ணன் கேட்பார். 4,25,000ஐ 45 விசேஷத்தால் வகுத்தால் ஒன்றுக்கு சுமார் 9,400 ரூபாய். நீங்கள் வாங்குவது 5,000. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் 4,400 ரூபாய் கையிலிருந்து போட்டுவிட்டு, அந்த ஓட்டையை ஒப்பந்தக்காரர் விலையைக் குறைத்து அடைக்கப் பார்க்கிறீர்கள். கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குப் பட்டது இதுதான். 8,000 ஆக உயர்த்தினால் 3,60,000 வந்துவிடும். மீதி 65,000ஐ மண்டபமே ஏற்கலாம். புல்தரையைப் பார்த்துத்தான் பாதிப்பேர் மண்டபத்தையே பதிவு செய்கிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அதோடு 10,000 ரூபாய் திருப்பித் தரும் முன்பணம் வாங்குங்கள். எதற்குப் பிடிப்பீர்கள் என்பதைப் பதிவுச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள். புல்லில் பந்தல்கால் குழி தோண்டுவது, கம்பளத்தை விரித்து மறுநாள் வரை அப்படியே விடுவது, ஆக்குப்புரையிலிருந்து கொதிக்கும் கஞ்சித் தண்ணீரைப் புல்லில் கொட்டுவது, ஜெனரேட்டர் டீசல் சிந்துவது. சமையல் பார்க்கும் தவசுப்பிள்ளையிடமும் பந்தல்காரரிடமும் முதல் நாளே இடத்தைக் காட்டிச் சொல்லிவிட்டால் பாதிச் சேதம் நடக்கவே நடக்காது. விசேஷத்துக்கு முந்தின நாள் தண்ணீர் பாய்ச்சவும் கூடாது. ஈர மண்ணில் கூட்டம் நடந்தால் தரை இறுகிவிடும்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்

போன தடவை வாய்ப்பேச்சு. இந்தத் தடவை இரண்டு பக்கம் போதும், ஆனால் எழுதுங்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆள், எந்த மெஷின், எந்த உரம் எவ்வளவு, ஆடி வேலை சேர்த்தியா தனியா, தண்ணீர் யார் பொறுப்பு, ஆள் வராத நாளுக்கு எவ்வளவு கழிவு, இரு தரப்புக்கும் 30 நாள் நோட்டீஸ். மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து நடந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகு பில் பாஸ் செய்யுங்கள்.

உங்கள் மண்டபம் இஎஸ்ஐயில் பதிவானது. அதனால் ஒப்பந்தக்காரரின் ஆளுக்கு அவர் பங்கு கட்டாவிட்டால் முதன்மை முதலாளி என்ற முறையில் உங்களிடம் கேட்க அந்த அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. மாதா மாதம் கட்டிய சலானின் நகலைப் பில்லோடு வாங்குங்கள். உங்களுடையது கூட்டு நிறுவனம். வருஷத்துக்கு 1 லட்சத்தைத் தாண்டுவதால் வருமான வரிப் பிடித்தமும் செய்ய வேண்டும். தனி நபருக்கு 1 சதவீதம், நிறுவனமாக இருந்தால் 2 சதவீதம். மாத பில் 30,000க்குக் கீழே என்பதால் தேவையில்லை என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

அப்பா சொல்லும் அண்ணாச்சியைப் பற்றி: அவர் கைராசிக்காரராக இருக்கலாம், ஆனால் அறுபது தாண்டியவர் தனியாக 13,000 சதுர அடியில் மெஷின் தள்ளி, குழாய் இழுப்பது நியாயமில்லை. மெஷினும் நீங்கள்தான் வாங்க வேண்டும், அவர் வராத நாளுக்கு மாற்று ஆளும் வேண்டும். வெட்டும் வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டு, பூச்செடிகளையும் விடியற்காலைத் தண்ணீரையும் அவரிடம் கொடுப்பதானால் நல்ல ஏற்பாடு. அப்போதும் அவர் உங்கள் ஊழியர். சம்பளப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். அவருக்குக் கொடுப்பதும் மேலே சொன்ன 4,25,000க்கு வெளியே தனிச் செலவுதான்.

பழைய ஒப்பந்தக்காரரின் பாக்கியைப் பிடித்து வைக்காதீர்கள். அவரால் நட்டம் வந்தது என்று காட்டினால்தான் ஈடு கேட்க முடியும். மரத்தடிப் புல் பட்டதற்கு நிழல் காரணம். வெயிலில் இருந்தது கருகியதற்கு உங்கள் வாட்ச்மேன் தூவிய யூரியா காரணம். ஆள் வராத நாள் என்று நீங்கள் குறித்து வைத்திருக்கும் ஆறு நாளுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கழித்துக்கொண்டு, மீதியை இந்த வாரமே கொடுத்து ரசீது வாங்கிவிடுங்கள். அந்தத் தொகைக்குள் வெயிலில் நின்று வேலை செய்த ஆளுடைய ஒரு மாதச் சம்பளம் இருக்கிறது. முடிந்தால் அவரிடமும் புதிய பட்டியலைக் கொடுத்து விலை கேளுங்கள். இரண்டு வருஷமாக அந்தத் தரையைப் பார்த்தவர் அவர்தான்.